கட்டியது கயிறு அல்ல

பாவம் என்பது மேற்கிலிருந்து கப்பலேறி வந்த எண்ணம். தமிழ் மனத்துக்கு வினை தெரியும், பாவம் தெரியாது. குற்றவுணர்ச்சியை நமக்குப் பழக்கியவர்கள் பாதிரிமார்கள். இப்படிப் பேசுவது இப்போது கருத்தரங்குகளில் வழக்கமாகிவிட்டது. இதற்குத் துணையாக இன்னொரு கூற்றும் உண்டு: எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ இங்கிலாந்தின் ஜான் பன்யன் எழுதிய யாத்திரிகன் கதையைச் செய்யுளாக மாற்றிய நூல், அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. இரண்டு கூற்றுகளும் தவறு. நூலைத் திறந்து பார்த்தவர்கள் இரண்டாவதைச் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது விழுந்தால் முதலாவதும் நிற்காது.

கிறிஸ்தவப் போதனையின் தொடக்கக் கட்டங்கள் வாசகர் அறிந்தவை. செய்ய விரும்பிய நன்மையைச் செய்ய மாட்டாமல், வெறுத்த தீமையையே திரும்பத் திரும்பச் செய்யும் மனிதனைப் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் காட்டினார். பாவம் என்பது தீய செயல்களின் கூட்டல் கணக்கல்ல, மனிதன் தானாக வெளியேற முடியாத ஒரு நிலை என்பது அங்கேயே வந்துவிட்டது. அகுஸ்தீன் தன் இளம்வயதில் பேரிக்காய் திருடியதை நினைத்து நினைத்து வருந்தியதும் அதனால்தான். பசிக்காகத் திருடவில்லை, தவறு என்பதே இனித்தது. மனிதன் தன் முயற்சியால் நல்லவனாகிவிட முடியும் என்ற பெலாஜியுஸின் போதனையை 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் தள்ளியது. 1517இல் லூத்தரும், 1618-19இல் டோர்ட் சங்கமும் அதே வழக்கை மீண்டும் எடுத்தார்கள். வழக்கு ஒன்றுதான்: மனிதன் கடவுளைப் பற்றிக்கொள்கிறானா, கடவுள் மனிதனைத் தூக்கிக்கொள்கிறாரா?

இந்தக் கேள்வி தமிழனுக்கு அந்நியமா? தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாய் வாயில் கவ்வித் தூக்கிப்போகும் பூனைக்குட்டி என்று வைணவத்தின் வடகலையும் தென்கலையும் நூற்றாண்டுகளாக வாதிட்டது இதையே அல்லவா? பிள்ளை உலகாசிரியர் இன்னும் ஒரு படி போனார். ஈன்ற கன்றின் உடல் அழுக்கைப் பசு நக்கி உண்பதுபோல, அடியவன் குற்றத்தை இறைவன் இனிதாகவே ஏற்கிறான் என்ற துணிவு அவருடையது. சைவ சித்தாந்தம் ஆணவத்தைச் செம்பில் களிம்பு என்றது. உயிரோடு என்றும் ஒட்டியிருப்பது. ஆதாமின் வீழ்ச்சிக்கு ஒரு தொடக்கம் உண்டு, ஆணவத்துக்கு இல்லை. இந்த வேறுபாட்டை மறைத்து இரண்டும் ஒன்றே என்று சமரசம் பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தன்னால் தன்னைக் காக்க முடியாது என்று அழுத குரல் மாணிக்கவாசகர் காலத்திலேயே இங்கே இருந்தது.

மொழியே சாட்சி சொல்கிறது. விவிலியத்தில் பாவத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கும் கிரேக்கச் சொல்லுக்கும் ‘இலக்கைத் தவறவிடுதல்’ என்ற பொருள் உண்டு. யானையைத் தவறவிட்ட வேலை வள்ளுவர் ‘பிழைத்த’ வேல் என்றே சொல்கிறார். குறி தப்புவதும் பிழை, குற்றமும் பிழை. சாவிலிருந்து தப்பி வந்தவனையும் பிழைத்தான் என்கிறோம். நோயையும் குணத்தையும் ஒரே வினைச்சொல்லில் வைத்திருக்கும் மொழிக்குப் பாவத்தையும் இரட்சிப்பையும் வெளியிலிருந்து யாரும் இறக்குமதி செய்ய வேண்டியிருக்கவில்லை.

சொற்களைத் தேடி மிஷனரிகள்தான் தடுமாறினார்கள். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. இரண்டே ஆண்டுகளில், 1580இல், கொச்சியில் ‘கொம்பெசியோனாயரு’ வந்தது. தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் ஒன்று, பாவ அறிக்கை செய்வது எப்படி என்று சொல்லும் கையேடு, தலைப்பே போர்ச்சுகீசியம். பிறகு வடமொழி பக்கம் திரும்பினார்கள். பாவசங்கீர்த்தனம், ஜென்மப் பாவம், பிரியதத்தம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. வீரமாமுனிவரின் தேம்பாவணி முன் எவரும் தலை வணங்கவேண்டும். ஆனால் அதன் தலைவன் மாசற்ற வளன். பாவி அந்தக் காப்பியத்தின் ஓரத்தில் நிற்கிறான். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும், அவர் வழியில் வந்த பப்ரிசியுஸும் வேதத்தைத் தந்தார்கள். காப்பியம் அவர்கள் வேலை அல்ல. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியில் சிங்கனையும் சிங்கியையும் வேதம் பேச வைத்தபோதுதான் இந்தப் போதனை முதன்முதலாகத் தெருவில் கால்வைத்து நடந்தது.

பாவியைக் காப்பியத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தவர் கிருஷ்ண பிள்ளை. 1827இல் நெல்லைச் சீமையில் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பனில் ஊறியவர், சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணிசெய்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். சரணாகதி என்பது அவருக்குப் படித்துத் தெரிந்த தத்துவம் அல்ல, வீட்டுப் பேச்சு. 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் ஐந்து பருவங்களில் 3,700க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்டது. இடையிடையே தேவாரம் என்ற பெயரிலேயே பதிகங்கள் வருகின்றன. கதை மட்டும் போதும் என்று நினைத்திருந்தால் பதிகம் எதற்கு? சுமை சுமந்து நடப்பவன் வழியில் நின்று பாடவேண்டும் என்று அவருடைய தமிழ் அவரைக் கேட்டது.

பன்யனின் நூலில் சிலுவை வரும் இடம் சுருக்கமானது. யாத்திரிகன் சிலுவையருகே வருகிறான், முதுகுச்சுமை அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் போய்விடுகிறது, அவன் மேலே நடக்கிறான். 1678இல் இங்கிலாந்தில் அந்தக் கதையைப் படித்தவர்களுக்கு அது போதும். வேதம் அவர்கள் வீட்டில் இருந்தது. கிருஷ்ண பிள்ளைக்கு அது போதவில்லை. குமார பருவத்தில் கதையை நிறுத்திவிட்டுக் கிறிஸ்துவின் பாடுகளை விரிவாகப் பாடுகிறார். அந்த இடத்தில் அவர் யாருடைய நூலையும் செய்யுளாக்கவில்லை.

அதில் ஒரு பாடல், பள்ளிப் பாடநூலிலும் இடம்பெற்றது, என்னை விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. கட்டுண்டு நிற்கிறார் இயேசு. பாசத்தால், அதாவது கயிற்றால், கட்டினார்கள் என்று எண்ணாதீர்கள் என்கிறார் கவிஞர். தம்மைப் பகைத்த இழிந்த மனிதருக்காக உருகும் அன்பே அவரைக் கட்டியிருந்தது, அதை அறுத்துக்கொள்ள மனமில்லாமல் நின்றார். சைவம் படித்தவர்களுக்குப் பாசம் என்ற சொல் உடனே வேறொரு கதவைத் திறக்கும். பதி, பசு, பாசம் என்ற மூன்றில் பாசம் உயிரைக் கட்டுவது. பதி அதில் கட்டுப்படாதவன். பேச்சுத் தமிழில் பாசம் என்றால் அன்பு. கயிறு, உயிரின் தளை, அன்பு மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் உரசிக்கொள்கின்றன. கட்டுண்டவனை அவிழ்க்க, கட்டில்லாதவர் தாமே கட்டுப்பட்டார். கட்டுப்பட்டதும் அவருடைய விருப்பத்தால். கடவுளின் சித்தம், மனிதனின் பாவம், மீட்பின் தேவை என்று இறையியலார் அதிகாரம் அதிகாரமாகப் பிரித்து எழுதியதை ஒரே பாடலில் வைத்திருக்கிறார். இதை ஆங்கிலத்தில் எழுதியிருக்கவே முடியாது.

பின்னால் வந்தவர்களில் ஏ.ஜே. அப்பாசாமி கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகக் கண்டு 1927இல் நூல் எழுதினார். கிருஷ்ண பிள்ளையின் பெருமையை உணர்ந்த இறையியலார் அவர். ஆனால் அவர் எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் அந்த வழி தூர்ந்துபோனது. இன்றைய கிறிஸ்தவப் பாடல்களில் ஆசீர்வாதம் பெருகியிருக்கிறது. வீடு, வேலை, வெற்றி எல்லாம் வருகின்றன. பாவி வருவதில்லை. எதிலிருந்து காக்கப்பட்டோம் என்று சொல்லாத பாட்டில் இரட்சிப்பு வெறும் அலங்காரம். 1995இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘மீட்பு’ என்ற சொல்லை எடுத்தபோது எனக்கு நம்பிக்கை பிறந்தது. அடகு வைத்த நகையை மீட்பதும், பகைவர் ஓட்டிச்சென்ற ஆநிரையைக் கரந்தை சூடி மீட்பதும் அதே சொல். இவ்வளவு வளம் கையில் இருந்தும் கவிஞர்கள் அதை எடுத்து ஆளவில்லை.

கிறிஸ்தவரல்லாத வாசகரிடமும் ஒன்று கேட்கிறேன். கிருஷ்ண பிள்ளையைச் சமயப் பிரிவின் அலமாரியில் விட்டுவைக்காதீர்கள். கம்பனுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முழு நூலும் மலைப்பாக இருந்தால் குமார பருவத்தில் தொடங்குங்கள்.