கண்ணாடிப் பெட்டியும் கரி அள்ளியவனும்

ஆர்தர் மன்னன் சாகவில்லை, நாட்டுக்கு ஆபத்து வரும்போது திரும்பி வருவான் என்பது பிரிட்டன் தீவின் பழைய நம்பிக்கை. அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீட்டர் 1979-ல் எழுதிய 'மார்லாக் நைட்' நாவலில் அவனை விக்டோரியா மகாராணி காலத்து லண்டனுக்கே வரவழைத்தார். 1987-ல் இந்த மாதிரிக் கதைகளுக்கு ஸ்டீம்பங்க் என்று விளையாட்டாகப் பெயர் வைத்தவரும் அவர்தான். நீராவி எந்திரம், பித்தளைப் பல்சக்கரம், ஆகாயக் கப்பல், பழங்கதை நாயகன், அவனுக்கொரு காதலி. இந்தச் சேர்மானத்துக்கு இன்று உலகமெங்கும் வாசகர்கள் இருக்கிறார்கள்.

ஆர்தரையும் நீராவியையும் சேர்ப்பது வெறும் கோமாளித்தனம் இல்லை. விக்டோரியா காலம் ஆர்தரை முன்பே தத்தெடுத்துவிட்டது. கவிஞர் டென்னிசன் 1859 முதல் அவன் கதையைத் தொடர்கவிதைகளாக வெளியிட்டு, மகாராணியின் இறந்துபோன கணவர் இளவரசர் ஆல்பர்ட்டுக்கு அவற்றைக் காணிக்கையாக்கினார். கப்பலும் ரயிலும் கொண்டு உலகை வளைத்தவர்களுக்குத் தங்களை ஆர்தரின் வட்ட மேசை வீரர்களாக நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்தைச் சீண்டிப் பார்க்க இந்தக் கதைவகைக்கு நல்ல வாய்ப்பு உண்டு. மார்க் ட்வெய்ன் 1889-லேயே அதைச் செய்துவிட்டார். அவருடைய நாவலில் வரும் யாங்கி, அதாவது ஓர் அமெரிக்கன், ஆர்தரின் நாட்டுக்குப் போய்த் தொழிற்சாலை கட்டுகிறான், அங்கேயே கல்யாணமும் செய்துகொள்கிறான். கடைசியில் மின்வேலியாலும் எந்திரத் துப்பாக்கியாலும் வீரர்களை ஆயிரக்கணக்கில் கொன்று குவிக்கிறான். மனைவியும் குழந்தையும் எட்டாத தூரத்துக்குப் போய்விடுகிறார்கள். எந்திரத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை அந்த நாவல் மறைக்கவில்லை.

பின்னால் வந்த பலவற்றில் அந்தக் கணக்கு காணாமல் போனது. தொப்பியில் மூக்குக்கண்ணாடி, இடுப்பில் கடிகாரச் சங்கிலி, ஆகாயக் கப்பலின் மேல்தட்டில் முத்தம். கொதிகலன் எப்போதும் சூடாகவே இருக்கிறது, ஆனால் யார் கரி அள்ளிப் போடுகிறார்கள் என்று தெரியாது. கண்டுபிடிப்பாளர் பிரபு வம்சம், காதலி துடுக்கான பெண், சமையல்காரர் மட்டும் ஒரு பக்கம் வந்து போவார். இதை நான் ரசித்துப் படிப்பதுண்டு, பொய் சொல்வானேன். படித்து முடித்த பின்தான் உறுத்தும்.

பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில் வாழ்கிறவனுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும். இங்கே நீராவி அலங்காரப் பொருளாக வரவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து நம் ஆட்களை ஏற்றிவந்தவை நீராவிக் கப்பல்கள். 1926-ல் கட்டிய 'ரஜூலா'வின் பெயர் இன்னும் கிழவர்கள் வாயில் இருக்கிறது. மலாயா ரயிலுக்குத் தண்டவாளம் போட்டுப் பராமரித்த கூட்டத்தில் தமிழர் ஏராளம். ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியில் யாழ்ப்பாணத்தார், பாதையோரம் கம்பியும் சம்மட்டியுமாகத் தமிழ்நாட்டார். இங்குள்ள கொடிமலையேறப் போட்ட முதல் ரயில் உருப்படியாக ஓடவே இல்லை. 1923-ல் ஓடத் தொடங்கியது மின்சார ரயில். தோற்றுப்போன அந்த முதல் பாதை ஒரு நல்ல கதைக்கரு. வெற்றி பெற்ற எந்திரங்களைப் பற்றியே எழுதும் இந்த வகைக்கு அது அவசியம்கூட.

பழங்கதைக்கும் நாம் லண்டன் போக வேண்டியதில்லை. சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். சச்சந்தன் மனைவி விசயையின் மேல் வைத்த மோகத்தில் நாட்டை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைக்கிறான். ஆபத்து தெரிந்ததும் ஒரு பறக்கும் மயிலைச் செய்யச் சொல்கிறான். காப்பியத்தை இயற்றிய திருத்தக்கதேவர் அது எதனால் ஆனது என்றே பட்டியல் தருகிறார்: துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு. வேலை முடிய ஏழு நாள். பொறியை வலப்பக்கம் திருப்பினால் மேலே எழும்பும், இடப்பக்கம் திருப்பினால் இறங்கும். ஓட்டுகிறவள் அரசி, அதுவும் நிறைமாதக் கர்ப்பிணி. கணவன் பின்னே நின்று போரிட்டுச் சாகிறான். மயில் அவளைக் கொண்டுபோய் இறக்கும் இடம் சுடுகாடு. சீவகன் பிறப்பது அங்கேதான்.

ஆகாயக் கப்பல் காதல்கதைகளில் இவ்வளவு துணிச்சலை நான் பார்த்ததில்லை. மோகத்தால் நாடு போகிறது, மோகம் கொண்டவனே அவளைத் தப்பவைக்கும் எந்திரத்தையும் செய்விக்கிறான், எந்திரம் உயிரைக் காக்கிறதே தவிர வாழ்க்கையைக் காப்பதில்லை. பழங்கதைமேல் எந்திரத்தை ஒட்டவைப்பதுதான் இந்த வகையின் உத்தி என்றால், இங்கே ஒட்டவைக்க வேண்டிய வேலையே இல்லை. அந்த மயிலைக் கட்டிய தச்சனின் வாயால் கதையைச் சொன்னால் போதும்.

கடல் தாண்டி வந்த இன்னொரு கதை நமக்கு இன்னும் நெருக்கம். மலாய் அரச வரலாறான செஜாரா மெலாயுவில் ராஜா சுரான் என்ற இந்திய மன்னன் வருகிறான். ராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பின் நினைவு இதில் கலந்திருக்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. தரையைப் பார்த்தாயிற்று, இனிக் கடலடியைப் பார்க்க வேண்டும் என்று கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்கிறான். தங்கச் சங்கிலி கட்டி அதைக் கடலில் இறக்குகிறார்கள். கீழே ஒரு நாடு, ஓர் இளவரசி, கல்யாணம், மூன்று பிள்ளைகள். பிறகு மேலே தன் அரச வம்சம் அற்றுப்போகக் கூடாதென்று சிறகுள்ள குதிரையில் ஏறித் திரும்பிவிடுகிறான். மலாக்கா அரசர்கள் தங்கள் வம்சத்தை இந்தக் கல்யாணத்தின் வழியாகத்தான் கொண்டுவருகிறார்கள்.

இதைத் தமிழில் எழுத வருகிறவருக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. ராஜேந்திரனைப் பற்றிய அகிலனின் நாவல் 'வேங்கையின் மைந்தன்' 1963-ல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. அதைப் படித்து வளர்ந்த நமக்கு அவன் வென்ற கடாரம் என்றாலே மார்பு விம்மும். கண்ணாடிப் பெட்டிக்குப் பித்தளைத் திருகுகளும் சோழப் புலிக்கொடியும் வைத்துவிட்டால், டென்னிசன் ஆர்தருக்குச் செய்ததை நாம் ராஜேந்திரனுக்குச் செய்துவிடுவோம். விட்டுவிட்டுப் போன இளவரசி வெறும் பரிசாகிவிடுவாள்.

அந்தப் பள்ளத்தைத் தாண்டியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஜேமி கோவும் ஜாய்ஸ் சிங்கும் 2015-ல் தொகுத்த 'தி சீ இஸ் அவர்ஸ்' தென்கிழக்காசிய ஸ்டீம்பங்க் கதைகளை ஒன்றுசேர்த்தது. லண்டனை நடுவில் வைக்காமலே இந்த வகை இயங்கும் என்று காட்டியது அதன் சாதனை. மலேசியாவில் பிறந்த ஸென் சோ அதே ஆண்டு 'சாசரர் டு த கிரவுன்' எழுதினார். அதில் நீராவி இல்லை, பிரிட்டனின் தேவதைக் கதைகளும் மந்திரமும் உண்டு. அடிமைத்தளையிலிருந்து வந்த ஆப்பிரிக்கன் அரச மந்திரவாதி, இந்தியத் தாய்க்குப் பிறந்தவள் நாயகி. காதல் இனிக்கிறது, நகைச்சுவை கூர்மை. ஆனாலும் கதை பெரும்பாலும் கனவான்களின் கூடங்களிலேயே நடக்கிறது. படகுத்துறைக்கும் உலைக்களத்துக்கும் அது வருவதில்லை.

அங்கேதான் பினாங்குத் தமிழனுக்கு இடம் காலியாக இருக்கிறது. ராஜா சுரான் கடலடியில் குடும்பம் நடத்திய காலமெல்லாம் மேலே சங்கிலியைப் பிடித்திருந்தவர்கள் யார், அவர்களுக்குக் கூலி யார் கொடுத்தார்கள், மன்னன் குதிரையில் போய்விட்டான் என்ற சேதி அவர்களுக்கு எப்போது வந்தது? நாவலின் முதல் அத்தியாயத்தை நானாக இருந்தால் அந்தக் கப்பல் தளத்தில் தொடங்குவேன். இளவரசி இரண்டாவது அத்தியாயத்தில் வரட்டும், தன் மூன்று பிள்ளைகளோடு, அந்தச் சங்கிலியைப் பிடித்து ஏறி.