பூண்டு மணக்கும் பூம்பாறை

கொடைக்கானலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். சாலை வளைவில் வண்டியை நிறுத்தி, மேலேயிருந்தே படம் பிடித்துக்கொண்டு பலர் திரும்பிவிடுகிறார்கள். படிப்படியாக இறங்கும் வயல்கள், நடுவே நெருக்கியடித்த வீடுகள். அழகுதான். ஆனால் பூம்பாறையில் மூக்குக்கும் வேலை உண்டு.

ஊருக்குள் இறங்கினால் மலைப்பூண்டு வாசம் வந்து பிடித்துக்கொள்ளும். சமவெளிப் பூண்டைவிட நெடியும் காரமும் கூடுதல். உரித்த விரல் மறுநாள்வரை காட்டிக்கொடுக்கும். அறுவடையானதும் தாளோடு கற்றை கட்டித் தொங்கவிட்டுப் புகைமூட்டம் போடுவார்கள், மாதக்கணக்கில் கெடாது. 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடும் வந்தது. விலை என்னவோ கீழே வடுகபட்டிச் சந்தையில்தான் பேசப்படுகிறது.

ஊருக்குள்ளேதான் குழந்தை வேலப்பர் கோயில். மூலவர், போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது நம்பிக்கை. எனக்கென்னவோ பெயர்க்கதைதான் அதிகம் பிடிக்கும். இங்கே தூங்கிக்கொண்டிருந்த அருணகிரிநாதரைக் கொல்ல ஓர் அரக்கி வந்தாளாம். முருகன் குழந்தையாகி அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டானாம். காவித் துணியையும் குழந்தையையும் பார்த்தவள், யாரோ தாயும் பிள்ளையும் என்று நினைத்துச் சத்தமில்லாமல் போய்விட்டாளாம்.