ஆழ்நதிகளின் நாட்டில் ஒரு மறையுரை

பெரு நாட்டின் தென்பகுதியில், அபுரிமாக் மாநிலத்தில் அமைந்த மலைநகர் அபன்காய். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரம். ஆயினும் சூழ்ந்து நிற்கும் ஆந்திஸ் சிகரங்களுக்கு அது ஒரு பள்ளமே. பள்ளத்தின் வெம்மையில் கரும்பு விளைகிறது, சரிவுகளில் மக்காச்சோளம், அதற்கு மேல் உருளைக்கிழங்கு, அதற்கும் மேலே குளிர்காற்றும் புல்வெளியும் மட்டுமே. மலைகளைப் பிளந்துகொண்டு பாச்சாச்சாகா ஆறு ஓடுகிறது. ‘உலகின் மீதுள்ள பாலம்’ என்பது கெச்சுவா மொழியில் அப்பெயருக்குப் பொருள். ஹொசே மரியா அர்கெடாஸ் 1958-இல் எழுதிய ‘ஆழ்நதிகள்’ என்னும் நாவல் இந்நிலத்தில்தான் நிகழ்கிறது. 1978-இல் அது ஆங்கிலத்திற்கு வந்தது. மறையுரை ஆற்றுவோரும் கேட்போரும் ஒருசேரப் படிக்க வேண்டிய நூல் என்பது நம் கருத்து.

ஆசிரியர் 1911-இல் அண்டையிலுள்ள அந்தவைலாஸில் பிறந்தவர். இளமையிலேயே தாயை இழந்து, வேலைக்காரப் பூர்வகுடி மக்களின் அடுப்படியில், அவர்தம் கெச்சுவா மொழியிலேயே வளர்ந்தவர். ஆகவே அவர் மலையை வருணிக்கும்போது அது வெறும் காட்சியாக நின்றுவிடுவதில்லை. கதை சொல்லும் சிறுவன் எர்னெஸ்டோ, குருக்கள் நடத்தும் விடுதிப் பள்ளியில் விடப்படுகிறான். அவன் கண்டறியும் முதல் உண்மை, அபன்காய் நகர் வளர இயலாது என்பது. சுற்றியுள்ள பள்ளத்தாக்கு முழுவதும் பத்திபம்பா என்னும் பண்ணைக்குச் சொந்தம். பண்ணைக்குடிகளின் குடிசைகளுக்கு அவன் போகிறான். எவரும் அவனுடன் பேசத் துணியவில்லை. முன்பு அவனை வளர்த்த மலைக்கிராமத்தாரோ அவனை நேர்நோக்கிப் பேசியவர்கள். இரு சாராருக்கும் மொழி ஒன்றே, மலையும் ஒன்றே. ஒரு சாராருக்குச் சொந்த நிலம் இருந்தது, மற்றவர்க்கு இல்லை. நிலவியலை மனித முகத்தில் எழுதிக் காட்டிய இந்தப் பகுதியே நூலின் தலைசிறந்த பகுதி என்போம்.

பின்னர் உப்புக் கலகம் வருகிறது. அரசின் ஏகபோகச் சரக்கான உப்பு மக்களுக்குக் கிடைக்கவில்லை. பண்ணையாரின் மாடுகளுக்குக் கிடைக்கிறது. மதுக்கடைப் பெண்கள் டோன்யா ஃபெலிபாவின் தலைமையில் கிடங்கைத் திறந்து, பத்திபம்பாவின் ஏழைப் பெண்களுக்கும் உப்பைக் கொண்டுசேர்க்கிறார்கள். பண்ணைக் கங்காணிகள் அதைச் சாட்டையால் அடித்துப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அதன்பின் பள்ளி அதிபரான குரு பண்ணைக்குச் செல்கிறார். கெச்சுவா மொழியிலேயே, உள்ளம் உருகும் குரலில், மறையுரை ஆற்றுகிறார். மக்கள் மண்டியிட்டுக் கதறி அழுகிறார்கள்.

இக்குருவைக் கயவராக ஆசிரியர் தீட்டவில்லை. சிறுவனை அவர் சாட்டையால் அடிக்கிறார். அவனிடம் பரிவும் காட்டுகிறார். ஊரார் அவரைப் புனிதர் என்கிறார்கள். துன்பத்தைப் பற்றி அவர் கூறுவதில் பொய்யான சொல் அரிது. உப்பைப் பறித்தவர் யார் என்பதை மட்டும் அவர் கூறுவதில்லை. வேறொரு நாள் ஆலயத்தில் நகரத்தாருக்குப் பேசும்போது பண்ணையார்களே நாட்டின் அடித்தளம் என்று புகழவும் அவரால் முடிகிறது. கண்ணீரை வரவழைப்பது மறையுரையின் வெற்றி என எண்ணும் எந்தக் குருவும் இப்பகுதியை எளிதில் கடந்துவிட முடியாது.

இறுதியில் கொள்ளைநோய் பரவுகிறது. சிறுவனிடமே பேச அஞ்சிய அதே குடிகள், துப்பாக்கியேந்திய காவலர் பாலத்தை அடைத்து நிற்க, ஆற்றைக் கடந்து ஆயிரக்கணக்கில் நகருக்குள் வருகிறார்கள். அவர்கள் கேட்பது ஒரு நள்ளிரவுத் திருப்பலி. அதே குரு அதை நிறைவேற்ற வேண்டியதாகிறது. மாயநம்பிக்கைக்காகவே இப்படித் திரண்டெழும் மக்கள், தங்களை ஒடுக்குவோரை எதிர்த்தும் எழ வல்லவர்கள் என்பதே தம் கருத்து என ஆசிரியர் 1965-இல் அரெக்கிப்பா நகரில் விளக்கினார். அவ்விளக்கத்தில் நமக்கு முழு உடன்பாடு இல்லை. காய்ச்சலை விரட்ட வந்தவர்கள்தாம். எனினும் அதற்குத் திருப்பலியைத் தேர்ந்தார்களே, அதை மாயம் என்று மட்டும் ஒதுக்கிவிடலாமா? பண்ணை முற்றத்தில் அவர்களை மண்டியிடச் செய்த வழிபாட்டை, இம்முறை தங்கள் உரிமை என அவர்களே கேட்டுப் பெறுகிறார்கள். படைப்பாளர் தம் விளக்கத்தைவிட ஆழமாக எழுதிவிட்டார் என்றே தோன்றுகிறது.

குறையும் உண்டு. விடுதி மாணவரின் சண்டைகள் நீண்டு சலிப்பூட்டுகின்றன. அர்கெடாஸின் உலகம் பழமைக் கனவு என மாரியோ வர்காஸ் யோசா 1996-இல் ஒரு நூலே எழுதினார். ஆனால் உப்பு மூட்டைகள் கனவல்லவே!

லீமாவின் குரு குஸ்தாவோ குத்தியேரெஸ் 1971-இல் வெளியிட்ட ‘விடுதலை இறையியல்’ நூலை அர்கெடாஸுக்கும், கொலையுண்ட பிரேசில் நாட்டுக் குரு ஒருவருக்கும் காணிக்கையாக்கினார். பெருநாட்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் 1969 ஜூனில் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அர்கெடாஸ் மறைந்தார்.