முதல் நகர்வு எப்போது வரும்?

ஃபயர் எம்பளம் என்ற, ஆட்களைக் கட்டம் கட்டமாக நகர்த்திப் போரிடும் வீடியோ ஆட்டத் தொடரை ஒட்டி ரசிகர்கள் உருவாக்கும் விளையாட்டுகளின் தொடக்கத்தைப் பற்றி யார் குறை சொன்னாலும் ஒரே பதில்தான் வந்து விழுகிறது: "முதல் நாலு சாப்டர் பொறுத்துக்கோங்க, அப்புறம் பாருங்க." வெகுகாலமாக இதைக் கேட்டுவருகிறேன். ஒருமுறைகூட அது எனக்குச் சரியாகப் பட்டதில்லை. நாலு அத்தியாயத்துக்குப் பிறகுதான் ஆட்டம் சூடுபிடிக்கும் என்றால் அங்கிருந்தே தொடங்கிவிட வேண்டியதுதானே என்று கேட்டால், "கதை புரியாதே" என்கிறார்கள். அந்தக் கதையோடுதான் என் வழக்கு.

கொடுக்க வேண்டிய பாராட்டை முதலில் கொடுத்துவிடுகிறேன். இவற்றைச் செய்கிறவர்கள் காசுக்காகச் செய்வதில்லை. 2003இல் வந்த 'தி பிளேஸிங் பிளேட்', 2004இல் வந்த 'தி சேக்ரட் ஸ்டோன்ஸ்' ஆகிய கேம்பாய் அட்வான்ஸ் ஆட்டங்களைப் பிரித்துப்போட்டு, அவற்றின் எலும்புக்கூட்டின் மேல் புது உலகம், புது முகங்கள், புது வரைபடங்கள் என்று முழுநீள ஆட்டங்களையே கட்டியிருக்கிறார்கள். 'தி லாஸ்ட் பிராமிஸ்', 'விஷன் குவெஸ்ட்' போன்றவற்றை ஆடிய எவரும் அந்த உழைப்பை ஏளனம் செய்ய மாட்டார்கள். எஃப்.இ. பில்டர் மாதிரியான இலவசக் கருவிகள் வந்த பிறகு நிரல் எழுதத் தெரியாதவரும் இந்தத் துறைக்குள் நுழைய முடிகிறது. நடு அத்தியாயங்களின் வரைபடங்களைப் பார்த்தால், எதிரிக்குத் துணைப்படை எந்த டர்னில் எந்த மூலையிலிருந்து வர வேண்டும் என்பதில் மூல ஆட்டங்களைவிடக் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. "இந்தக் கட்டத்துக்குப் போ, இவனை அடி" என்று கையைப் பிடித்து இழுக்கும் பயிற்சிப் பகுதியையும் தூக்கி எறிந்துவிட்டார்கள். நல்லது. ஆனால் காலியான அந்த இடத்தில் எதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்?

புது ஆட்டம் என்று அழுத்துகிறோம். கண்டத்தின் வரைபடம் விரிகிறது. பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரும்போர். ஒரு தீய சக்தி. அதை அடக்கிய வீரர்கள். அவர்கள் நிறுவிய நாடுகள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வாக்கியம். அடுத்து அரியணை மண்டபம்: அரசர், அமைச்சர், தளபதி, எல்லைப் பிரச்சினை. அடுத்து எங்கோ ஓர் இருட்டறை: முக்காடு போட்ட இருவர், "எல்லாம் திட்டப்படியே நடக்கிறது" என்கிறார்கள். அடுத்து பயிற்சிக் களம்: நாயகனும் நண்பனும் கேலி பேசிக்கொள்கிறார்கள். ஒரு தூதன் ஓடிவருகிறான். மறுபடியும் அரியணை மண்டபம். நம்மூர்ப் பொதுக்கூட்டத்தில் பேச்சாளர் மேடையில் இருக்கும் அத்தனை பேரையும் "அவர்களே, அவர்களே" என்று விளித்து முடிப்பதற்குள் கூட்டம் டீக்கடைக்குப் போய்விடுமே, அந்தக் கதைதான். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கட்டங்கள் கண்ணில் படுகின்றன. நம் விரலுக்கு வேலை வருகிறது.

இந்த வடிவத்துக்கு இவ்வளவு பேச்சு பொருந்தாது என்பதற்கு இந்த ஆட்டங்கள் ஓடும் கருவியே சாட்சி. கேம்பாய் அட்வான்ஸின் திரை 240க்கு 160 பிக்சல். உரையாடல் பெட்டியில் ஒரு நேரத்தில் இரண்டு வரி. படித்து, பொத்தானை அழுத்தி, அடுத்த இரண்டு வரி. ஒரு பக்க அளவுள்ள வரலாற்றை இப்படி இரண்டிரண்டு வரியாக ஊட்டினால் எந்த நாடு எந்த நாட்டோடு பகை என்பது மனதில் நிற்குமா? ஐந்தாவது நாட்டின் பெயர் வரும்போது முதல் நாட்டின் பெயர் போய்விடுகிறது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. ஒரு கதாபாத்திரத்தின் முகத்தைப் பதினாறு வண்ணங்களுக்குள் அழகாக வரையப் பல மணிநேரம் ஆகும். ஒரு வரைபடத்தைச் சமநிலைக்குக் கொண்டுவரத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்க்க வேண்டும். வசனத்துக்கோ தட்டச்சு செய்தால் போதும். மலிவாகக் கிடைப்பது அதிகமாகச் சேர்கிறது. இன்னொன்று, பெரும்பாலான ஆக்கங்கள் ஆட்டமாகப் பிறப்பதில்லை. பள்ளி நாட்களில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய உலகமாகப் பிறக்கின்றன. அந்த நோட்டுப் புத்தகத்தை முழுவதும் நமக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஆசிரியர் ஆட அனுமதிக்கிறார்.

"மூல ஆட்டமே அப்படித்தானே தொடங்குகிறது?" என்பார்கள். 'சேக்ரட் ஸ்டோன்ஸ்' மாக்வெல் கண்டத்தின் பழங்கதையோடு, புனிதக் கற்களின் வரலாற்றோடு தொடங்குவது உண்மை. ஆனால் அதற்கடுத்து வருவதைக் கவனிக்க வேண்டும். ரெனைஸ் கோட்டை விழுகிறது. அரசர் தன் மகள் எய்ரிகாவைச் சேத் என்ற தளபதியிடம் ஒப்படைக்கிறார். தப்பும் வழியில் சேத் காயப்படுகிறான். பிறகு வரைபடம்: நம் பக்கம் இரண்டே பேர். எதிரில் கோடாரி ஏந்திய ஒரு சிறு கும்பல். கதை என்ன சொல்கிறது? வீரன் இளவரசியைக் காக்க வேண்டும். எண்கள் என்ன சொல்கின்றன? சேத்தின் கையிலுள்ள வெள்ளி ஈட்டி எல்லாரையும் ஓரிரண்டு அடியில் முடித்துவிடும். ஆனால் ஏற்கெனவே உயர்நிலையில் இருக்கும் அவனுக்கு அனுபவப் புள்ளிகள் சொற்பமாகவே சேரும். வளர வேண்டியவள் எய்ரிகா. கோடாரிக்கு எதிராக வாளுக்குத்தான் சாதகம்; வாள் அவள் கையில் இருக்கிறது. ஆகவே, காப்பாற்றப்பட வேண்டியவளையே முன்னே அனுப்பலாமா என்ற கேள்வி முதல் டர்னிலேயே ஆடுபவர் முன் நிற்கிறது. பாதுகாப்பா, வளர்ச்சியா? அந்த இருவரின் உறவைப் பற்றி எந்த வசனமும் சொல்லாததை இந்தச் சிறு களம் சொல்லிவிடுகிறது. ரசிகர்கள் கண்டத்தின் பழங்கதையை நகலெடுத்தார்கள், இதை விட்டுவிட்டார்கள்.

'பிளேஸிங் பிளேட்' இன்னும் சிக்கனம். சாகே சமவெளியில் லின் என்ற பெண், அவள் குடிசை, இரண்டு கொள்ளையர். அவ்வளவுதான் முன்னுரை. அவள் ஒரு பிரபுவின் பேத்தி என்பது பிறகு தெரிகிறது. அவள் சொத்துக்குக் குறிவைக்கும் உறவினன் அதற்கும் பிறகு. மந்திரவாதியும் டிராகன்களும் அவள் கதை முடிந்து எலிவுட் என்ற அடுத்த நாயகனின் கதை வந்த பிறகுதான் மெல்ல எட்டிப் பார்க்கின்றன. சிறிதாகத் தொடங்கிப் பெரிதாக விரிகிறது. ரசிகர்கள் கேலி செய்து ஒதுக்கிய அந்தப் பயிற்சிப் பகுதியில்தான் சேன் என்ற குதிரைவீரன், வீரனுக்கு ஈட்டிதான் அழகு என்று கோடாரிக்காரன் மேல் ஈட்டியோடு பாய்ந்து அடிவாங்குகிறான். ஆட்ட விதியும் ஆளின் குணமும் ஒரே அடியில் பதிகின்றன. கையைப் பிடித்து இழுப்பதை எறிந்தவர்கள் இதையும் சேர்த்து எறிந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் எப்போதும் ஒரு பெயர் கொண்டுவரப்படும்: ஷோசோ காகா. தொடரை உருவாக்கியவர். தொடரைத் தயாரிக்கும் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனத்தை விட்டு விலகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, எஸ்ஆர்பிஜி ஸ்டுடியோ என்ற எல்லாருக்கும் கிடைக்கும் கருவியைக் கொண்டு 'வெஸ்டாரியா சாகா'வை உருவாக்கி 2016இல் ஜப்பானில் இலவசமாகவே வெளியிட்டார். 2019 இறுதியில் அது ஆங்கிலத்தில் ஸ்டீமுக்கு வந்தது. அதில் பெயர்களும் வம்சங்களும் அரசியல் கணக்குகளும் அடுக்கடுக்காக வந்துகொண்டே இருக்கும். "காகாவே அப்படிச் செய்கிறாரே, நாங்கள் செய்தால் என்ன?" என்பது இப்போது இணைய மன்றங்களில் ஒரு வாதமாகிவிட்டது.

காகாவைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள் என்றால் 1990ஆம் ஆண்டுக் காகாவையும் அழைப்போம். முதல் ஃபயர் எம்பளத்தின் முதல் அத்தியாயம்: நாடிழந்த இளவரசன் மார்த் தாலிஸ் தீவில் தங்கியிருக்கிறான். தீவின் இளவரசி சீடா பறந்துவந்து, கடற்கொள்ளையர் கோட்டையைப் பிடித்துவிட்டதாகச் சொல்கிறாள். புறப்படு. சில வரிகளில் முடிந்தது. பிறகு களத்தில் ஏழு பேர் நிற்கிறார்கள். அவர்களில் வயதான ஜேகன் எல்லாரையும்விடப் பலசாலி. ஆனால் அவன் இனி பெரிதாக வளரப்போவதில்லை. இளையவர்கள் இன்று பலவீனர்கள், ஆனால் வளரக்கூடியவர்கள். தோற்றுப்போன ஒரு நாட்டின் பழைய தலைமுறை புதியதற்கு வழிவிட வேண்டும் என்ற முழுக்கதையும் அந்த எண்களில் இருக்கிறது. வழியிலுள்ள கிராமத்தை எட்டிப் பார்த்தால் ஒரு துறவி படையில் சேர்கிறார். பார்க்காமல் போனால் அவர் கிடைக்க மாட்டார். அந்த ஆட்டம் வந்த ஃபேமிகாம் கருவியின் கார்ட்ரிட்ஜில் இடம் குறைவு, அதனால் வந்த சிக்கனம் அது என்பார்கள். இருக்கட்டும். இடம் பெருகிய பிறகு, 1996இல் அதே காகா 'ஜீனியாலஜி ஆஃப் தி ஹோலி வார்' செய்தார். அரசியல் பேச்சு அதில் ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் அதன் முன்னுரையில் ஆர்டன் என்ற கவசவீரனிடம் கோட்டையைக் காக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது. மற்றவர்கள் குதிரையில் பறக்க, கால்நடையாக அந்தப் பிரம்மாண்டமான வரைபடத்தில் அவன் எங்கே போய்ச் சேர்வான்? பின்தங்கியவனின் மனக்குறையை ஆட்டமே நடித்துக் காட்டுகிறது. போகும் பாதையில் கொள்ளையர் கிராமங்களை டர்னுக்கு டர்ன் கொளுத்திக்கொண்டிருப்பார்கள். நாயகன் சிகுர்ட் கருணையுள்ளவன் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கிராமங்களுக்காக நாம் எத்தனை கட்டம் சுற்றிப் போகிறோம் என்பதில் அது தெரிந்துவிடும்.

ஆக, முதுமையில் ஒருவர் நீளமாகப் பேசினார் என்பது இளையவர்கள் அனைவரும் நீளமாகப் பேசுவதற்கு அனுமதிச் சீட்டு அல்ல. வெஸ்டாரியாவைக் காப்பாற்றுவது அதன் களங்கள். அந்தத் தொடக்கப் பேச்சு அல்ல.

"ஸ்டார்ட் பொத்தான் இருக்கிறதே, தாண்டிப் போங்களேன்" என்பது கடைசி ஆயுதம். தாண்டிப் பார்த்தேன். ஸ்டார்ட்டை அழுத்தினால் அந்தக் காட்சி மொத்தமும் போய்விடும். வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ள வழியில்லை. பிறகு வரைபடத்தில் எட்டுப் பேர் நிற்பார்கள். யார் இவர்கள், ஏன் இங்கே, எதிரி யார் என்பதற்குக் களத்தில் ஒரு குறிப்பும் இராது. இதிலிருந்து இரண்டில் ஒன்றுதான் தேறும். வசனத்தைத் தாண்டியும் ஆட்டம் புரிகிறது என்றால் அந்த வசனம் தேவையே இல்லை. தாண்டினால் புரியவில்லை என்றால் களம் தன் வேலையைச் செய்யவில்லை. எப்படிப் பார்த்தாலும் தொடக்கம் தோற்றுப்போகிறது.

இந்த வகை ஆட்டங்களில் பெரும்பாலும் செத்தவர் செத்தவர்தான், திரும்பி வர மாட்டார். ஒரு சாதாரண வில்லாளி போனாலும் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் எத்தனையோ பேர். அந்த வில்லாளியின் மேல் அவ்வளவு பாசம் எங்கிருந்து வருகிறது? பயிற்சிக் களத்தில் அவன் அடித்த கேலியிலிருந்தா? உயிர்ப்புள்ளி இரண்டே பாக்கி இருக்கும்போது எதிரியின் அடி தவறி அவன் பிழைத்தானே, அதிலிருந்து. அந்தத் தற்செயலை எந்த ஆசிரியராலும் எழுத முடியாது; அது நடக்கும் இடத்தை மட்டும்தான் அமைக்க முடியும். அந்த இடத்தை விரைவில் தருவதுதான் தொடக்கத்தின் ஒரே கடமை. தொடக்கத்தில் நண்பன் கதாபாத்திரத்துக்கு நாற்பது வரி எழுதி, முதல் அத்தியாயத்தின் முடிவில் அவனை வசனத்திலேயே கொன்று, அழுங்கள் என்கிறார்கள். அவனை ஒரு கட்டம்கூட நான் நகர்த்தவில்லையே, எப்படி அழுவேன்?

விதிவிலக்கு உண்டா என்று கேட்பார்கள். 'எலிபியன் நைட்ஸ்' சட்டென்று தொடங்குகிறது. மூல ஆட்டங்களின் பாத்திரங்களை வைத்துச் சிறுசிறு தனிக்கதைகளாகச் சொல்வதால் உலகை அறிமுகம் செய்யும் சுமை அதற்கு இல்லை. ஆனால் அதையும் நான் வெற்றியாகக் கணக்கு வைக்க மாட்டேன். அறிமுகத்தை நிண்டெண்டோ ஏற்கெனவே செய்து கொடுத்துவிட்டது. சொந்த உலகத்தோடு வரும் ஆக்கங்களில் மூச்சு விடாமல் களத்தில் இறக்கிவிடும் ஒன்றை எனக்குக் காட்டுங்கள், அன்றே பாராட்டி எழுதுகிறேன். இவற்றின் தொடக்க அத்தியாயங்களின் கடினத்தைப் பற்றியும் ஒரு புகார் உண்டு: பழம்பெருச்சாளிகளுக்காகவே அமைத்திருக்கிறார்கள், புதியவர் முதல் பாலத்திலேயே படையை இழக்கிறார். அது சிறு குறை. கடினமாவது ஆட்டத்துக்குச் சொந்தமானது.

அன்புக்காகச் செய்யப்பட்டதை இப்படிக் கறாராக நிறுக்கலாமா என்ற முணுமுணுப்பு எனக்குக் கேட்கிறது. இலவசமாகக் கொடுத்தது ஆட்டத்தைத்தான். ஆடுகிறவரின் முதல் அரைமணி நேரம் அவருடையது, அதை அவர் இலவசமாகக் கொடுக்கவில்லை.

இப்போது ஒரு தொடக்கத்தை எழுதிக்கொண்டிருப்பவருக்கு ஒரு வேண்டுகோள். முதல் அத்தியாயத்தின் வசனம் அனைத்தையும் நீக்கிய ஒரு பிரதியைத் தயார் செய்து, உங்கள் உலகத்தைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் கொடுங்கள். ஆடி முடித்ததும், யார் யாரை எதற்காக அடித்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லத் திணறும் இடங்களுக்கு மட்டும் வசனம் எழுதுங்கள். மீதியை நோட்டுப் புத்தகத்திலேயே வைத்திருங்கள்.