ஒரு முழம்

அட்டையை மட்டும் பார்த்து நாவலை மெச்சுகிறவர்களை நான் நம்புவதில்லை. ரயில் நிலையத்துக்கும் அதே நீதிதான்.

2023-ல் தொடங்கிய அம்ருத் பாரத் நிலையத் திட்டத்தில் சேலம் ஜங்ஷனும் சேர்ந்தது. நல்ல முகப்பு, லிஃப்ட், சாய்தளம் எல்லாம் அதன் நோக்கங்கள். வரவேற்கிறேன். ஆனால் கதை பிளாட்பாரத்தோடு முடிவதில்லையே! உயரமான பிளாட்பாரம்கூட, விதிப்படி, தண்டவாளத்துக்கு மேல் 84 சென்டிமீட்டர்தான். பெட்டியின் தளமோ சுமார் 130. நடுவே ஒரு முழம்!

நாமக்கல் போகும் பாட்டியை லிஃப்ட் சுகமாக இறக்கிவிடும். பிறகு அவள் கம்பியைப் பிடித்துப் படியேற வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரையோ நாலு பேர் தூக்க வேண்டும். பிறர் தயவில்லாமல் பயணம் செய்வது 2016-ம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒப்புக்கொண்ட உரிமை அல்லவா?

முகப்பை எத்தனை அழகாக எழுதினாலும், அந்த ஒரு முழத்தைத் தாண்டாதவரை இது முடியாத கதைதான்.