நாதம் சுழன்ற நாற்புறம்

1960-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் தேதி, ஜெர்மனியின் கொலோன் நகரில், கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் இயற்றிய 'கோன்டாக்டே' முதன்முதலாக அரங்கேறியபோது, மேடையில் தோன்றிய கலைஞர்கள் இருவரே: பியானோவோடு சில தாளக் கருவிகளையும் ஏற்றுக்கொண்ட டேவிட் டியூடர் ஒருவர், தாளக் கருவிகளையே முழுப் பொறுப்பாகக் கொண்ட கிறிஸ்டோஃப் காஸ்கெல் மற்றவர். சபையின் நான்கு புறமும் நின்ற ஒலிபெருக்கிகளின் வழியே பேசிய ஒலிநாடாவை மூன்றாவது ஆட்டக்காரராகக் கொண்டு, சுமார் 35 நிமிஷம் நீடிக்கும் இப்படைப்பில் யார் முந்துகிறார், யார் விட்டுக்கொடுக்கிறார் என்று ஆராய்ந்தால், ஒலிக்கு இடம் வகுத்து இசை அமைக்கும் கலையின் மர்மம் விளங்கும் என்பது என் துணிபு.

முதலில் வியூகத்தைக் காண்போம். நாடாவில் எழும் ஒலிக்குக் கலைஞர்கள் அவ்வப்போது மனத்தில் தோன்றியபடி மறுமொழி தர வேண்டுமென்பதே ஆசிரியரின் ஆதி சங்கற்பம். ஒத்திகையில் அது கைகூடாமற் போகவே, நாடாவின் ஒலிகளைக் கோடுகளாகவும் வடிவங்களாகவும் வரைந்து, அவற்றோடு இசையும்படி கலைஞர்களின் பகுதிகளையும் முற்றிலும் எழுதிவிட்டார். இதைச் சுதந்திரத்தின் தோல்வி என்பாரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. ஓடும் நாடா ஒருவருக்காகவும் காத்திராது. அத்தகைய துணையோடு ஆடுகிறவன், அடுத்த கணம் எந்தத் திசையில் என்ன ஒலி பிறக்கும் என்பதை முன்னரே அறிந்திருந்தாலன்றி, அதைச் சந்திக்கவும் இயலாது, அதற்கு ஈடுகொடுக்கவும் இயலாது.

இனி, ஆட்டத்தின் உயிர்நிலை. மேற்கு ஜெர்மன் வானொலியின் மின்னணு இசைக்கூடத்தில், 1958 முதல் 1960 வரை இந்த நாடா உருவானபோது, அங்கே ஒரு சுழல் மேஜை இருந்தது. அதன்மீது, ஒரே முகமாக ஒலியைச் செலுத்தும் புனல்வாய் ஒலிபெருக்கி ஒன்றை அமர்த்தி, சுற்றிலும் நான்கு ஒலிவாங்கிகளை நிறுத்தி, மேஜையைக் கையாலேயே சுழற்றி, நான்கு தடங்களில் பதிவு செய்தார்கள். புனலின் வாய் ஓர் ஒலிவாங்கியை நோக்கும்போது அங்கே நாதம் உரத்தும் கூர்மையுற்றும் கேட்கும். அது முகந்திருப்பியதும் அதே நாதம் மங்கி, அடுத்த ஒலிவாங்கியில் மலரும். வெறுமனே ஒலியளவைக் கூட்டிக் குறைத்து இந்த நுட்பத்தைப் பெற முடியாது. ஒவ்வொரு ஒலிவாங்கியையும் நாதம் சென்றடையும் காலபேதமும் நாடாவில் பதிந்துவிடுகிறபடியால், அரங்கில் அமர்ந்தவனுக்கு ஒலி தன்னை வலம்வருவது பிரத்தியட்ச அனுபவமாகிறது.

தொடக்கத்தையே பாருங்கள். மேடையின் நடுவே தொங்கும் டாம்டாம் என்னும் பெரிய வெண்கலத் தட்டின் விளிம்பைச் சுற்றி, கலைஞரின் கைக்கோல் வட்டமாக உராய்ந்து செல்கிறது. கண் முன்னே நிகழ்ந்த அந்த வட்டத்தை நாடா வாங்கி, சபை முழுவதையும் வளைத்து விரிக்கிறது. ஒரு மனிதக் கரத்தின் அசைவு ஒரு மண்டபத்தின் அசைவாக மாறும் இந்தக் கைமாற்றத்தைவிடச் சிறந்த பிரயோகத்தை நான் அறியேன்.

ரசிகர்கள் பெரிதும் கொண்டாடுவது 17-ஆம் நிமிஷத்தை ஒட்டிய பகுதி. அங்கே ஒரு தொடர் நாதம் நெளிந்து நெளிந்து கீழிறங்கி, தன் சுருதியை இழந்து, தனித்தனித் தட்டல்களாக உதிர்கிறது. சுருதி என்பதும் தாளம் என்பதும் துடிப்பின் வேகபேதமே என்பதற்கு இதனினும் தெளிந்த நிரூபணம் வேண்டுவதில்லை. ஆயினும், இரண்டு ஒலிபெருக்கிகளோடு வீட்டில் இசைத்தட்டைக் கேட்பவனையும் இந்த அற்புதம் தவறாமல் எட்டிவிடுகிறது. சுழல் மேஜையின் சாதனையோ அங்கே கலைந்து, பெருகியும் தேய்ந்தும் ஒலிக்கும் ஓசையாகச் சுருங்கிவிடுகிறது. இசைத்தட்டு வழியே பரவிய புகழ், இசைத்தட்டில் அடங்கிய பகுதிக்கே சென்றது. அரங்கில் மட்டுமே வாழும் பகுதிக்கு உரிய புகழ் இன்னும் பாக்கியாகவே நிற்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். நான்கு திசைகளும் சமமாகக் கூடுவது சபையின் நடுவில் மாத்திரமே. ஓர் ஓரத்து ஆசனத்தில் அமர்ந்தவனுக்கு, அருகிலுள்ள ஒலிபெருக்கியின் ஓசை முந்திவந்து செவியைப் பற்றிக்கொள்வதால், வட்டம் கோணலாகிறது. 1970-இல் ஜப்பானின் ஒசாகா உலகக் கண்காட்சியில், கேட்போரின் மேலும் கீழும் ஏழு வளையங்களாக ஒலிபெருக்கிகள் சூழ்ந்த கோள வடிவ மண்டபம் மேற்கு ஜெர்மனியின் சார்பில் எழுந்ததும், நாதத்துக்கு முழு வெளியையும் வழங்க வேண்டும் என்ற இதே தாகத்தினால்தான்.

இன்று கணினியில் ஒரு புள்ளியை நகர்த்தினாலே ஒலி எத்திசையிலும் பறந்துவிடுகிறது. அந்த வசதியைப் பெற்ற இளம் இசையமைப்பாளர்கள் தம் படைப்பை ஒருமுறை ஒரே ஒலிபெருக்கியில் இட்டுக் கேட்பார்களாக. அவ்வாறு கேட்டும் ஒன்றும் குறையவில்லையானால், அவர்கள் ஒலியை நகர்த்தினார்களேயன்றி, இடத்தை இசையாக இயற்றவில்லை. 'கோன்டாக்டே' அந்தப் பரீட்சையில் பெரியதொரு பங்கை இழக்கிறது. அந்த இழப்பே அதன் வெற்றிக்குச் சான்று.