சிரிக்கவைத்தவர்கள் கேட்ட வாக்கு

2017 நவம்பர் 15 அன்று காலை, ஆஸ்திரேலியப் புள்ளியியல் பணியகத்தின் தலைவர் டேவிட் கேலிஷ் ஒரு கணக்கை நாட்டுக்கு வாசித்துக் காட்டினார். தன்பாலினத்தவர் மணம் செய்துகொள்ளும் வகையில் சட்டத்தைத் திருத்தலாமா என்று கேட்டு, வாக்காளர் ஒவ்வொருவருக்கும் அஞ்சலில் ஒரு படிவம் அனுப்பப்பட்டிருந்தது. திருப்பி அனுப்பியவர்கள் 1 கோடியே 27 லட்சம் பேர், அதாவது வாக்காளர்களில் 79.5 விழுக்காடு. ‘ஆம்’ என்றவர்கள் 61.6 விழுக்காடு. அடுத்த மூன்று வாரங்களில், டிசம்பர் 7 அன்று, நாடாளுமன்றம் திருத்தத்தை நிறைவேற்றியது.

அந்தப் பரப்புரையில் மக்கள் அதிகம் அறிந்த முகங்களில் ஒன்று மாக்டா ஷுபான்ஸ்கியுடையது. அவர் அரசியல்வாதி அல்லர், வழக்கறிஞரும் அல்லர். முப்பது ஆண்டுகளாக அந்த நாட்டைச் சிரிக்கவைத்த நடிகை. ஓர் உரிமையைக் கேட்க நகைச்சுவைக் கலைஞர்களை முன்னிறுத்தும் இந்த வழக்கத்தை எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றிவந்திருக்கிறது. திருமணச் சமத்துவம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. மாக்டா போன்றவர்களின் நடிப்பின் மீது எனக்குப் பெரும் பற்றும் உண்டு. நாம் நேசிக்கும் இரண்டு விஷயங்கள் ஒன்றுக்கொன்று துணைநிற்கும்போது அந்தத் துணையின் குறைகள் கண்ணில் படுவதில்லை. அதனாலேயே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மாக்டா 1961இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து, ஐந்து வயதில் மெல்பர்னுக்கு வந்தவர். தந்தை போலந்துக்காரர், இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்த தலைமறைவுப் படையில் ஆட்களைச் சுட்டுக் கொல்லும் பிரிவில் இருந்தவர். தந்தை சுமந்த அந்தப் போரையும், தான் மறைத்துவைத்திருந்த தன்பாலின ஈர்ப்பையும் பின்னிப் பின்னி மாக்டா எழுதிய தன்வரலாறு 2015இல் வெளிவந்தது. ஆனால் மக்கள் அறிந்த மாக்டா வேறு. 1980களிலும் 90களிலும் வந்த குறுநகைச்சுவைத் தொடர்களின் மாக்டா. 1995இல் ‘பேப்’ படத்தில் பண்ணைக்காரரின் மனைவியாக வந்தவர். 2012இல் மெல்பர்ன் மேடையில் ஜெஃப்ரி ரஷ்ஷோடு இசை நாடகத்தில் நடித்தவர். எல்லாவற்றுக்கும் மேலாக, 2002இல் ஆஸ்திரேலியப் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசியில் தொடங்கிய ‘கேத் அண்ட் கிம்’ தொடரின் ஷாரன் ஸ்ட்ரெலெக்கி.

ஷாரனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு வாதமும் அவளிடம்தான் இருக்கிறது. நெட்பால் மேல் பைத்தியம். எப்போதும் விளையாட்டு உடுப்பு, உடம்பில் எங்காவது ஓர் அடி, ஓர் ஒவ்வாமை, ஒரு கட்டு. தோழி கிம் எவ்வளவு மட்டம் தட்டினாலும் அவளை விட்டுப் போகாத விசுவாசம். கொடுக்க நிறைய அன்பு வைத்திருக்கிறாள், வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. மாக்டா அவளைக் கேலிச்சித்திரமாக நடிக்கவில்லை. அடிபட்ட பிறகும் வாலாட்டிக்கொண்டு வருகிற அந்த முகத்தில் சட்டென்று ஒரு கணம் வலி தெரியும், உடனே மறைந்துவிடும். நல்ல நகைச்சுவை நடிப்பு என்று நான் கருதுவது இதைத்தான்: சிரித்து முடிப்பதற்குள் அந்த ஆள் மேல் நமக்குப் பாசம் வந்துவிடுகிறது. நகரங்களில் மட்டுமல்லாமல் புறநகர்களிலும், அரசியல் பேச்சே எடுக்காத வீடுகளிலும் ஷாரன் அப்படித்தான் உள்ளே நுழைந்தாள்.

இந்தப் பாசத்தின் மதிப்பு 2012 பிப்ரவரி 14 அன்று தெரிந்தது. ‘தி புராஜெக்ட்’ என்ற மாலை நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், திருமணச் சமத்துவத்துக்கு ஆதரவு சொல்ல வந்த இடத்தில், தானும் தன்பாலின ஈர்ப்பாளர் என்று மாக்டா அறிவித்தார். வயது ஐம்பது. பாதி வேடிக்கையாகவும் பாதி நடுக்கத்தோடும் சொன்னார். அந்த நாளிலிருந்து, ‘இப்படிப்பட்டவர்கள் யார்?’ என்ற கேள்விக்குப் பல குடும்பங்களில் ஒரு விடை கிடைத்துவிட்டது: நம் மாக்டா.

திரையில் பார்த்துப் பழகிய ஒருவரோடு உண்டாகும் ஒருதலை உறவு, நேரில் பழகிய நண்பரைப் போலவே வெறுப்பைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் ஷியாப்பாவும் அவருடைய குழுவினரும் வாதிட்டார்கள். ‘வில் அண்ட் கிரேஸ்’ நகைச்சுவைத் தொடரைப் பார்த்த கல்லூரி மாணவர்களை வைத்து 2006இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், தன்பாலின ஈர்ப்பாளர் யாரையும் நேரில் அறியாதவர்களிடம் இந்தத் தொடர்பு வலுவாக இருந்தது. ஏற்கெனவே இளகிய மனம் உள்ளவர்கள்தான் அத்தகைய தொடரைத் தேடிப் பார்க்கிறார்களோ என்ற கேள்வியை அந்த ஆய்வு முழுமையாகத் தீர்க்கவில்லை. ஆனாலும் நடைமுறை அரசியல் இதை நம்பியது. 2012 மே மாதம் அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் ஜோ பைடன் தன்பாலினத் திருமணத்தை ஆதரித்துப் பேசியபோது, மக்களுக்குப் புரியவைத்ததில் அந்தத் தொடருக்குப் பெரும் பங்குண்டு என்றே சொன்னார்.

பாசம் முன்கூட்டியே சேர்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் நடந்தது இதைக் காட்டுகிறது. 2008 நவம்பர் 4 அன்று கலிபோர்னியாவில் தன்பாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் எட்டாம் முன்மொழிவு சுமார் 52 விழுக்காடு வாக்கோடு வென்றது. இசையமைப்பாளர் மார்க் ஷைமன் எழுதிய மூன்று நிமிட இசை நாடகம் இணையத்தில் வெளிவந்தது டிசம்பரில். ஜேக் பிளாக் இயேசுவாக வருகிறார், நீல் பேட்ரிக் ஹாரிஸ் பாடுகிறார், ஜான் சி. ரைலி எதிரணித் தலைவராக முறைக்கிறார். அபாரமான வேகம், நல்ல பாட்டு. ஆனால் வாக்கு எண்ணி முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வாண்டா சைக்ஸ் லாஸ் வேகஸ் பேரணியில் தன்னை வெளிப்படுத்திக்கொண்டதும் தோல்விக்குப் பிறகுதான். அதற்காக அந்தக் கலைஞர்களை நான் குறைகூற மாட்டேன். அடிபட்ட பிறகு எழும் கோபம் நேர்மையானது. பரப்புரையாக மட்டும் பார்த்தால், அது தோற்றவர்கள் தங்களுக்குள் ஆறுதல் சொல்லிக்கொண்ட கலை. மாக்டாவோ வாக்குக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே பேசியிருந்தார். அந்த ஐந்து ஆண்டுகளில் அதிர்ச்சி தேய்ந்து, செய்தி வழக்கமாகியிருந்தது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஷைமனின் நாடகம் எதிரணியைக் கேலி செய்கிறது. 2017இல் டிம் மின்சின் நாட்டுப்பற்றுப் பாடல் ஒன்றைத் திருப்பிப் பாடியதும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் வெறுப்பை நேருக்கு நேர் கேலி செய்தது. நம் பக்கத்து ஆட்களுக்கு அது உற்சாகம். மேசைமேல் படிவத்தை வைத்துக்கொண்டு இன்னும் முடிவெடுக்காத ஒரு தாத்தாவுக்கு அது அவமானம். மாக்டா அந்தத் தாத்தாவைக் கேலி செய்யவில்லை. 2017 அக்டோபரில் ஏபிசியின் ‘க்யூ அண்ட் ஏ’ விவாதத்தில் சிட்னி ஆங்கிலிக்கன் பேராயர் கிளென் டேவிஸோடு அமர்ந்தபோது, கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவளாக, தன் வாழ்க்கையை முன்வைத்தே பேசினார். என் கணிப்பில் அவருடைய மிகச் சிறந்த பொதுமேடை அதுதான். சிரிப்பு வாங்கிக் கொடுத்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, சிரிப்பைக் கீழே வைத்துவிட்டுப் பேசத் தெரிந்ததுதான் அவருடைய வெற்றி.

இனி, என்னை உறுத்துகிறவை.

மக்கள் நேசித்த ஷாரன் காதலில் எப்போதும் தோற்கிறவள். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. விளிம்பில் நிற்கும் ஒருவரை நகைச்சுவை எளிதாக அன்புக்குரியவராக்கிவிடும்; அதற்கு அது வழக்கமாக வாங்கும் விலை அவருடைய ஆசையைப் பறிப்பது. ‘மாடர்ன் ஃபேமிலி’ என்ற அமெரிக்கத் தொடரில் மிட்செல், கேம் என்ற தம்பதி வீட்டுக்கு வீடு செல்லப் பிள்ளைகளானார்கள். ஆனால் முதல் பருவம் முழுக்க அவர்கள் முத்தமிட்டுக்கொள்வதைக் காட்டவில்லை என்று பார்வையாளர்களே இயக்கம் நடத்தினார்கள். 2010 செப்டம்பரில்தான் அது நடந்தது, அதுவும் காட்சியின் பின்புறத்தில், போகிற போக்கில். தொந்தரவு தராதவரை நேசிப்போம் என்பது நிபந்தனை உள்ள நேசம். திருமணமோ காதலையும் உடலையும் சொத்தையும் குழந்தையையும் சேர்த்துக் கேட்கிற உரிமை.

இதைவிடப் பெரிய குறை, உரிமையை விருப்பத்தோடு கட்டிவிடுவது. மாக்டா நல்லவர், வேடிக்கையானவர், அதனால் அவர் மணம் செய்துகொள்ளட்டும். அப்படியானால் வேடிக்கையாகப் பேசத் தெரியாதவர்? சிடுசிடுக்கிறவர்? பக்கத்து வீட்டாரோடு சண்டை போடுகிறவர்? ஆண்–பெண் திருமணத்துக்கு வரும் யாரையும் பதிவாளர் ‘நீங்கள் எங்களுக்குப் பிடித்தவரா?’ என்று கேட்பதில்லை. ஆஸ்திரேலியாவின் 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தில் ‘ஓர் ஆணும் ஒரு பெண்ணும்’ என்ற வரையறையை 2004இல் நாடாளுமன்றம் தானே நுழைத்தது; அதற்கு யாரிடமும் அஞ்சல் படிவம் அனுப்பவில்லை. அதை எடுக்கும்போது மட்டும் நாட்டையே கேட்டது. சமத்துவ இயக்கத்தினர் இந்தக் கணக்கெடுப்பே கூடாது என்று உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2017 செப்டம்பரில் தோற்றார்கள். அதன் பிறகு பிடித்தமான முகங்களைத் தேடுவதைத் தவிர அவர்களுக்கு வழி இருக்கவில்லை. குறையின் பெரும் பங்கு கேள்வியை அப்படி அமைத்த அரசுடையது. ஆனாலும் அந்த அமைப்பின் தர்க்கத்துக்குள் பரப்புரை கச்சிதமாகப் பொருந்திப்போனது.

இதே ஆண்டில், இதே நாட்டில், இன்னொரு நகைச்சுவைக் கலைஞர் அப்படிப் பொருந்த மறுத்தார். ஹன்னா காட்ஸ்பி டாஸ்மேனியாவின் சிற்றூரான ஸ்மித்டனில் வளர்ந்தவர். தன்பாலின உறவைக் குற்றமாக வைத்திருந்த கடைசி ஆஸ்திரேலிய மாநிலம் அது, 1997 வரை. அந்தச் சட்டத்தைப் பற்றிய பொது விவாதத்தில் தன்னைப் போன்றவர்களைப் பற்றி ஊர் என்னென்ன பேசியது என்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. திருமண விவாதம் அந்தக் குரல்களை மறுபடி கிளப்பியபோது அவர் உருவாக்கியது ‘நானெட்’ என்ற மேடை நிகழ்ச்சி. 2017இல் மெல்பர்னிலும் எடின்பரோவிலும் பரிசு பெற்று, 2018இல் நெட்ஃபிளிக்ஸில் உலகம் முழுக்கப் போனது. அதில் அவர் சொல்வதன் சாரம் இது: விளிம்பில் நிற்கிறவர் தன்னைத் தானே கேலி செய்துகொண்டால் அது பணிவு ஆகாது, பேச அனுமதி வாங்கத் தன்னை அவர் சிறுமைப்படுத்திக்கொள்வதே ஆகும். முதல் பாதியில் ஒரு சம்பவத்தைச் சிரிப்போடு முடிக்கிறார். பிற்பாதியில் அதே சம்பவத்தின் மீதியை, தான் அடிவாங்கியதை, சொல்கிறார். சிரிப்புக்காக வெட்டப்பட்ட அந்த மீதிதான் உண்மை என்கிறார்.

காட்ஸ்பியைக் கேட்ட பிறகு ஷாரனைப் பழையபடி பார்க்க முடிவதில்லை. ஆனாலும் காட்ஸ்பி முழுக்கச் சரி என்று நான் ஏற்கவில்லை. ‘நானெட்’டைத் தேடிப்போய்ப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ‘ஆம்’ என்றவர்கள். சினந்த உண்மை சொல்லப்பட வேண்டும். ஆனால் கதவைத் திறந்தது ஷாரன். மாக்டா அந்த வேலையைச் செய்ததால் பட்ட களைப்பும் வாங்கிய வசையும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். 2019இல் நாடு அவருக்கு உயர் விருது தந்தபோது கலைக்கும் திருமணச் சமத்துவப் பணிக்கும் சேர்த்தே தந்தது.

பாசத்தின் எல்லை எங்கே முடிந்தது என்பதை அதே கணக்கெடுப்பு தொகுதிவாரியாகக் காட்டுகிறது. 150 தொகுதிகளில் 133இல் ‘ஆம்’ வென்றது. ‘இல்லை’ வென்ற 17இல் 12 சிட்னியின் மேற்கில் இருந்தன. பிளாக்ஸ்லண்டில் 73.9 விழுக்காடு ‘இல்லை’, வாட்சனில் 69.6, பரமட்டாவில் 61.6. சமயப் பிடிப்பு இதற்குப் பெரிய காரணம். அதை மறுக்க முடியாது. ஆனால் இவை குடியேறிய குடும்பங்கள் நெருங்கி வாழும் தொகுதிகள் என்பதையும் பார்க்க வேண்டும். பரமட்டாவை ஒட்டிய வெஸ்ட்மீட், வெண்ட்வொர்த்வில் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. தமிழர் எப்படி வாக்களித்தார்கள் என்று தொகுதிக் கணக்கு சொல்லாது. நானும் ஊகிக்க மாட்டேன். ஆனால் ஷாரன் ஸ்ட்ரெலெக்கி யாரென்றே தெரியாத வரவேற்பறைகள் அங்கே ஏராளம். எங்கள் ஆட்களின் வீட்டில் மாலையில் ஓடுவது வடிவேலுவும் கவுண்டமணியும். அந்தக் கலைஞர்கள் மேல் நமக்குள்ள பாசம் ஆஸ்திரேலியர்கள் மாக்டா மேல் வைத்த பாசத்துக்குக் குறைந்ததல்ல. ஆனால் தமிழ்ப் படங்களின் நகைச்சுவைப் பகுதியில் திருநங்கையோ, நளினம் கூடிய ஆணோ வருவது பெரும்பாலும் மற்றவர்கள் அருவருத்து விலகுவதைக் காட்டத்தான். பாசம் அதே அளவு. அது கற்றுக்கொடுத்தது நேர் எதிர்.

அந்த வீடுகளுக்கு மாக்டாவை அனுப்பிப் பயனில்லை. அங்கே பேச வேண்டியவர் அந்த வீட்டு மொழியில் பேசுகிற ஒருவர்: கோயில் திருவிழாவில் பார்த்த முகம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிற அக்கா, மகன் தன்பாலின ஈர்ப்பாளன் என்று அறிந்து அவனோடு நிற்கிற ஒரு தாய். ஆங்கிலத் தொலைக்காட்சியில் அறிமுகமான முகங்களை நம்பிய பரப்புரை இவர்களைத் தேடுவதற்குப் போதுமான நேரத்தையும் பணத்தையும் ஒதுக்கியிருக்க வேண்டும். படிவங்கள் செப்டம்பர் 12 அன்று அனுப்பத் தொடங்கி நவம்பர் 7 அன்று முடிந்த எட்டு வாரத்தில் அது நடக்கிற காரியமும் அல்ல. மாக்டாவுக்கே ஐந்து ஆண்டுகள் தேவைப்பட்டன.